பதினோரு வயதில் விடுதிப் பள்ளி: நவோதயாவில் படித்தவளின் பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஐந்தாம் வகுப்பு முடித்த மகளுக்கு, மத்திய அரசு நடத்தும் விடுதிப் பள்ளியான நவோதயாவில் இடம் கிடைத்திருக்கிறது. தந்தைக்கு அனுப்ப ஆசை. தாய்க்கு மனம் வரவில்லை. "பெண் பிள்ளையை இந்த வயதில் விடுதியில் விடுவதா?" என்கிறார் பாட்டி. விடுதிப் பள்ளியில் படித்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார் அந்தத் தந்தை.

ஐயா, மகளுக்கு விருப்பம் இருந்தால் அனுப்புங்கள். நானும் உங்கள் மாவட்டத்துப் பெண்தான். ஆறாம் வகுப்பில் நவோதயாவில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே வந்தவள். இப்போது கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். படிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். அவள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளவும் வெகு சீக்கிரம் கற்றுக்கொள்வாள். நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. அந்தப் பழக்கத்தோடு சேர்ந்தே, எதையும் வீட்டில் சொல்லாமல் இருக்கும் பழக்கமும் வரும். விடுதியில் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது என்பது நான் கண்ட உண்மை. முதலாவதற்காக எல்லோரும் பாராட்டுவார்கள். இரண்டாவது யார் கண்ணுக்கும் தெரியாது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நவோதயா ஒன்றுகூட இல்லை. மூன்று மொழிகள் கற்பிக்கும் பள்ளி அது. தமிழ்நாடு இருமொழிக் கொள்கையில் உறுதியாக நிற்பதால் அங்கே வரவில்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உண்டு. ராஜீவ் காந்தி பிரதமராகவும் பி.வி. நரசிம்ம ராவ் கல்வித் துறையைக் கவனித்தவராகவும் இருந்தபோது உருவான திட்டம். 1985-86இல் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிராவின் அமராவதியிலும் முதல் இரண்டு பள்ளிகள் தொடங்கின. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதை மாவட்டத்துக்கு ஒன்று என விரித்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்ல கல்வி என்பதுதான் நோக்கம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அதிகபட்சம் 80 இடங்கள். அவற்றில் குறைந்தது 75 சதவீதம் ஊரகப் பிள்ளைகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. இரண்டு மணி நேரத் தேர்வு, 80 கேள்விகள். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சிலரிடம் மாதம் 600 ரூபாய் வளர்ச்சி நிதி வாங்குவார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அதுவும் கிடையாது. ஆகவே உங்கள் மகளுக்குச் செலவு என்று பெரிதாக எதுவும் வராது.

விடுதிப் பள்ளி என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் நினைவுக்கு வரும். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகக் கடன் வாங்கி இரண்டு வருடம் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற இடங்கள். அதை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே நல்ல பள்ளி இருக்கும் ஊரில் வசிப்பவர்கள், லட்சங்கள் கொடுத்துப் பிள்ளையை விடுதியில் விடுவதை நான் எந்த நாளும் ஆதரிக்க மாட்டேன். உங்கள் நிலை வேறு. அறிவியல் ஆய்வகமும் நூலகமும் விளையாட்டு மைதானமும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு நவோதயா திறந்துவிடும் கதவு உண்மையிலேயே பெரியது. என் வகுப்பில் என்னோடு படித்தவர்களில் விவசாயக் கூலி வேலை செய்பவர்களின் மகள்கள் இருந்தார்கள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பலர் இன்று பொறியாளர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள்.

முதல் சில வாரங்களின் அழுகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அது தீர்ந்துவிடும். நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு தனி வேதனையும் உண்டு. காரைக்கால் சிறிய மாவட்டம். பள்ளியிலிருந்து வீடு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இருக்காது. தொலைவில் இருக்கிற வீட்டை மறந்திருக்கலாம், இத்தனை பக்கத்தில் இருக்கிற வீட்டை மறப்பது கடினம். நான் சேர்ந்த வருடம் மாங்கனித் திருவிழாவுக்கு எனக்கு வீடு போகக் கிடைக்கவில்லை. பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் வீதி உலா வரும்போது மாடியிலிருந்து வீசும் மாம்பழத்தைத் தாவிப் பிடிப்பதுதான் அதுவரை என் ஆனி மாதம். அன்று ஸ்டடி நேரத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்நேரம் தம்பி எத்தனை பழம் பிடித்திருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஏக்கம் எல்லாம் தசரா விடுமுறைக்குள் தணிந்துவிட்டது. விடியும் முன் எழுந்து பி.டி.க்கு ஓடுவது, குழாயடியில் வரிசை, மெஸ்ஸில் தட்டைக் கழுவி வைப்பது, மாலை ரோல் கால், இரவு மேற்பார்வையில் படிப்பு என்று நாள் முழுவதும் ஏதாவது ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஏங்குவதற்கு நேரம் இராது.

தணியாதது எது என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி. எங்கள் காலத்தில் கைப்பேசி கிடையாது. ஞாயிறன்று ஒரே தொலைபேசிக்கு வரிசையில் நிற்போம். நமக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள், ஒருத்தி "சீக்கிரம்டி" என்று முதுகில் தட்டுவாள். அம்மா "எப்படிடா இருக்கிறாய்?" என்று கேட்பார். அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் "நன்றாக இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாது. "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்." "படிக்கிறாயா?" "படிக்கிறேன்." அவ்வளவுதான், நேரம் முடிந்துவிடும். அந்த வாரம் நெருங்கிய தோழியோடு பேச்சு நின்றுபோயிருக்கும், கணக்கில் தோற்றிருப்போம், கொடியில் காயப்போட்ட பாவாடை காணாமல் போயிருக்கும். ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டோம். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவை தாமாகவே தீர்ந்திருக்கும், அல்லது நாமே தீர்த்திருப்போம். தீர்ந்துபோனதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். இப்படி வாரம் வாரமாகச் சேர்ந்துதான், வீட்டுக்கு நல்ல செய்தி மட்டும் போதும் என்ற முடிவுக்கு ஒரு பிள்ளை வருகிறது. யாரும் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை.

பெற்றோர் வரும் நாளிலும் அதே கதைதான். மரத்தடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்து அம்மா ஊட்டிவிடுவார். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை இருக்கும்போது குறை சொல்லி அதைக் கெடுக்க மனம் வராது. பதினோரு வயதுப் பிள்ளை பெரியவர்களைக் காப்பாற்றத் தொடங்கும் இடம் அது.

சரி, அவள் யாரிடம் சொல்வாள்? அக்காக்களிடம். இதுதான் விடுதியின் மிகப் பெரிய கொடை. நவோதயாவில் மாணவர்களை ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று நான்கு இல்லங்களாகப் பிரிப்பார்கள். இல்லத்துக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. ஆனால் அன்றாடம் பிள்ளைகளை வளர்ப்பது மூத்த பிள்ளைகள்தான். எனக்குத் தலை பின்னிவிடக் கற்றுத்தந்தவள், சட்டைக் காலரில் முதலில் சோப்பு போட்டு ஊறவைத்துப் பிறகு பிரஷ் போட வேண்டும் என்று காட்டியவள், ஆங்கிலத்தில் பேசத் திணறியபோது தினமும் கால் மணி நேரம் என்னைப் பேச வைத்தவள், எல்லாம் ஒரே அக்கா. அவளுக்கு அப்போது பதினான்கு வயதுகூட ஆகியிருக்காது.

இதை ஒரு தந்தையிடம் எழுதத் தயக்கம் இருந்தாலும் எழுதியாக வேண்டும். உங்கள் மகள் பெரியவளாகும் நாள் அநேகமாக விடுதியில்தான் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது, இரவு ஸ்டடி நடந்துகொண்டிருந்தபோது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டு, தன் சால்வையை என் இடுப்பில் சுற்றி அறைக்கு அழைத்துப் போனாள். ஓர் அக்கா தன் பெட்டியிலிருந்து வேண்டியதை எடுத்துக் கொடுத்தாள், இன்னொருத்தி மெஸ்ஸில் கேட்டு வெந்நீர் வாங்கி வந்தாள். விளக்கு அணைந்த பிறகும் என் கட்டில் ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து, வயிற்று வலி எப்போது குறையும், எப்படிப் படுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு மறுநாள்தான் தகவல் போனது. உளுத்தங்களியும் நல்லெண்ணெயுமாக ஓடி வந்தார். நான் அவரைத் தேற்றினேன். அவருடைய அழுகையின் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை. மகளுடைய அந்த நாளில் தாம் இல்லை என்ற வருத்தம் அவருக்கு இன்றும் உண்டு. ஆகவே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: பெட்டியில் துணி அடுக்கும்போதே மகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும், தேவையானதையும் வைத்து அனுப்ப வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பில் வருவது நவோதயாவுக்கே உரிய ஒன்று. அதை 'மைக்ரேஷன்' என்பார்கள். வகுப்பில் 30 சதவீதம் பிள்ளைகள் ஓராண்டுக்கு இந்தி பேசும் பகுதியில் உள்ள ஒரு நவோதயாவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து அதே அளவு பிள்ளைகள் இங்கே வருவார்கள். நான் போனேன். ஆசிரியர் துணையோடு இரண்டு இரவு ரயில். போய் இறங்கியபோது வெயில், டிசம்பரிலோ எலும்பைத் துளைக்கும் குளிர். அதுவரை ஸ்வெட்டரையே பார்த்திராத நாங்கள் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தோம். காலையும் மாலையும் ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு. சோறு கிடைக்கும் வேளையில் எங்கள் தட்டில் தங்கள் பங்கையும் சேர்த்து வைத்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

அந்தப் பள்ளியில் மூன்றாம் மொழி தமிழ். இந்தி பேசும் மாவட்டத்து நவோதயாக்களில், இப்படிப் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளும் பகுதியின் மொழியையே மூன்றாம் மொழியாகக் கற்பிக்கும் வழக்கம் உண்டு. என் அறைத் தோழி ஒருநாள் அம்மாவின் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அ-ன்-பு-ள்-ள." பொருள் முழுவதும் புரியவில்லை. இருந்தாலும் அந்த இன்லேண்டு கடிதத்தின் ஒரு பக்கத்தையும் விடாமல் முடித்தாள். 'ழ' வந்த இடங்களிலெல்லாம் என் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அம்மாவின் கையெழுத்தை வேறொருவர் வாயால் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளும் அழுதாள். மொழி பற்றி எத்தனை வாதங்கள் நடந்தாலும், அந்த இரு பதினான்கு வயதுப் பெண்களுக்கு இடையே நடந்தது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சமயம் அந்த ஆண்டு எல்லோருக்கும் ஒத்துவராது. உடல் நலம் சற்றுத் தளர்ந்த பிள்ளைக்கும், எளிதில் ஒட்டாத பிள்ளைக்கும் அது கடுமையான ஆண்டு.

இனி, என்ன இழந்தேன் என்பதைச் சொல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பியபோது என் தம்பி இரண்டாம் வகுப்பு. திரும்பி வந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எனக்காகக் கோழி அடிப்பார்கள், மின்விசிறிக்கு நேர்கீழே பாய் விரிப்பார்கள், வேலை சொல்ல மாட்டார்கள். மற்ற வீடுகளில் அக்காவும் தம்பியும் ரிமோட்டுக்காக அடித்துக்கொள்கிறார்களே, அது எங்களுக்குள் நடந்ததே இல்லை. அவன் என்னிடம் மரியாதையாகப் பேசினான், இன்றும் அப்படித்தான் பேசுகிறான். எங்களுக்குள் பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் சேர்ந்து வளர்ந்த கதைகள் இல்லை. வீட்டில் எந்தப் பானையில் புளி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போனது. சித்தப்பா குடும்பத்தோடு பேச்சுவார்த்தை நின்றதன் காரணத்தை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து அவர்களும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. பாருங்கள், மறைக்கும் பழக்கம் இரு பக்கமும் வளர்ந்திருக்கிறது. கல்லூரியில் ஒரு முறை மஞ்சள் காமாலை வந்து மருத்துவமனையில் இருந்தேன், குணமான பிறகுதான் வீட்டுக்குச் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. "உனக்கு நாங்கள் தேவைப்படவில்லை போலிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அப்படி இல்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் மன வருத்தத்தோடு நின்றுவிடும் விஷயமாக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். 2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் நவோதயா பள்ளிகளில் 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பது 2018 டிசம்பரில் நாளேட்டுச் செய்தியாக வெளிவந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தலித், பழங்குடிப் பிள்ளைகள். தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது, பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை அமர்த்தும் ஏற்பாடுகள் பேசப்பட்டன. அறுநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள், அதனால் இந்த எண்ணிக்கை சிறியது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் ஆறுதல் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று, அந்தத் தொலைபேசி வரிசைதான் நினைவுக்கு வந்தது. அவர்களில் எத்தனை பேர் முந்திய ஞாயிறு "நன்றாக இருக்கிறேன்" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்!

மூத்தவர்கள் எல்லோரும் நான் கண்ட அக்காக்களைப் போல இருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். எந்த விடுதியிலும் சின்னவர்களைத் துணி துவைக்க வைப்பவர்கள், மிரட்டுபவர்கள் உண்டு. சாதியைக் கேட்டு ஒதுக்குபவர்களும் உண்டு. ஆகவே சேர்க்கும்போது கட்டடத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். பெண்கள் விடுதியில் இரவில் எந்த ஆசிரியை இருக்கிறார், விடுதியில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரன் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, ஆலோசகர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். பள்ளிக்குப் போகும்போது எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று கவனியுங்கள். பெயர் தெரிந்திருந்தால் அந்த இல்லம் நல்ல இல்லம்.

தொலைபேசியில் "எப்படி இருக்கிறாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், நேற்று விளையாட்டில் உன்னை எந்தப் பக்கம் சேர்த்தார்கள், யாருக்காவது காய்ச்சலா என்று கேளுங்கள். ஒரே பெயர் பல வாரங்களாக வந்துகொண்டிருந்து திடீரென்று வராமல் போனால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. உங்கள் வீட்டுச் சங்கடங்களையும் அவளிடம் மறைக்காதீர்கள். மாடு கன்று போட்டதையும் சொல்லுங்கள், நெல் விலை போகாததையும் சொல்லுங்கள், அண்ணன் தம்பிக்குள் சண்டை என்றால் அதையும் சொல்லுங்கள். வீட்டின் குறை தெரிந்த பிள்ளைதான் தன் குறையையும் வாய் திறந்து சொல்லும். விடுமுறைக்கு வந்தால் முதல் இரண்டு நாள் கோழிக் குழம்பு, மூன்றாம் நாள் முதல் அவளுக்கும் வீட்டு வேலையில் பங்கு. தம்பியோடு சண்டை போட்டால் விலக்கிவிடாதீர்கள். கடிதம் எழுதுங்கள். இந்தக் காலத்தில் யார் எழுதுகிறார்கள் என்று தோன்றும், ஆனால் வரிசையில் நின்று பேச முடியாததைக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுத முடியும்.

உங்கள் அம்மாவின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பேத்தியைப் பற்றிய அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவரையும் ஒரு முறை பள்ளிக்கு அழைத்துப் போய் விடுதி அறையையும் மெஸ்ஸையும் காட்டுங்கள்.

சேர்க்கையின்போது பல படிவங்களில் கையெழுத்து வாங்குவார்கள். ஒன்பதாம் வகுப்பில் வேறு மாநிலத்துக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளும் உறுதிமொழியும் அவற்றில் ஒன்று. அதைப் போகிறபோக்கில் கையெழுத்திட்டுவிடாமல், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக்காட்டி, அது என்ன என்று விளக்குங்கள். அப்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: பிடிக்கவில்லை என்றால் எந்த வகுப்பில் இருந்தாலும் திரும்பி வரலாம், மாற்றுச் சான்றிதழ் வாங்கி உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க அப்பா தயார், இதில் யாருக்கும் அவமானம் இல்லை. இதைச் சேர்க்கும் நாளில் ஒரு முறை, முதல் விடுமுறையில் ஒரு முறை, எட்டாம் வகுப்பு முடிவில் ஒரு முறை சொல்லுங்கள். உறவினர்கள் முன்னிலையில் "என் மகள் நவோதயாவில் படிக்கிறாள்" என்று பெருமை பேசுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமையைக் காதால் கேட்ட பிள்ளை, திரும்பி வர வேண்டும் என்று தோன்றினாலும் வாய் திறக்காது.